கொம்பையா போட்ட துண்டு

புளியடிக்குறிச்சிக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு பஸ்தான் வந்தது. வெயிலுகந்தாள் மோட்டார் சர்வீஸ் என்று நெற்றியில் சிவப்பில் எழுதிய அந்தப் பஸ் காலை ஏழு மணிக்கு ஊர்ப் புளியமரத்தைச் சுற்றித் திரும்பி நிற்பதற்குள், சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே, ஜன்னல்கள் வழியாகத் துண்டுகள் பறக்கும். துண்டு இல்லாதவன் குடையைப் போடுவான், குடை இல்லாதவள் கூடையைத் திணிப்பாள், கூடையும் இல்லாதவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டு, நிதானமாகப் படியேறி வந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்காருவாள். அந்த ஊரில் அடுத்தவன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொள்கிறவன் உண்டு, ராத்திரியோடு ராத்திரியாக மடை மாற்றுகிறவன் உண்டு, பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறித்து அந்தத் தோப்புக்காரனிடமே விலை பேசுகிறவனும் உண்டு. ஆனால் பஸ் சீட்டில் கிடக்கும் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் என்று ஒருத்தன் கிடையாது. துண்டு கிடந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

ஒரு வைகாசிக் காலையில் கொம்பையா அப்படித்தான் தன் பச்சைக்கரைத் துண்டை மூன்றாவது ஜன்னல் வழியாக உள்ளே வீசினான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி சுடலைவடிவு வயர்கூடையோடு நின்றாள். கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை. டவுனில் ஒரு ஓட்டுவீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, மாமியார் பேராச்சியிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் தனிக்குடித்தனத்துக்கு இடம் பார்க்கப் புறப்பட்டிருந்தார்கள். அந்தப் பின்கட்டில் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்பதை வடிவு பார்க்காமலே தீர்மானித்து வைத்திருந்தாள்.

"ஜன்னலோரம் ஒனக்கு. ஒனக்குத்தான் பஸ்ஸுன்னா கொமட்டுமே. நான் நின்னுக்கிட்டு வாரேன்," என்றான் கொம்பையா. "இரி, எலுமிச்சம்பழம் ஒண்ணு வாங்கிட்டு வந்திருதேன்."

ரோட்டைத் தாண்டிப் பலசரக்குக் கடைப் பக்கம் போனான். நடுவில் ஒரு வைக்கோல் லாரி வந்து நின்றது. லாரி நகர்ந்தபோது கடை இருந்தது, கடைக்காரர் இருந்தார், எலுமிச்சம்பழமும் தட்டில் இருந்தது. கொம்பையா மட்டும் இல்லை. டிரைவர் தாவீது ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வடிவு புளியமரத்தடியில் நின்றாள், துண்டு டவுனுக்குப் போனது.

போனவன் எங்கே போனான் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. அவனுக்குத் தாய்க்காரியை நினைத்தால் தொண்டை வறண்டுபோகும், தனிக்குடித்தனம் என்ற வார்த்தையை அவளிடம் சொல்வதைவிட லாரியில் தொற்றிக்கொள்வது சுலபம் என்று போயிருப்பான் என்று வடிவுக்கு மட்டும் உள்ளுக்குள் தெரியும். அது கிடக்கட்டும். துண்டுதான் விஷயம்.

அன்று சாயங்காலம் பஸ் திரும்பி வந்ததும் கண்டக்டர் குற்றாலலிங்கம் இறங்கி, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "பேராச்சியக்கா, ஒங்க மவன் துண்டு உள்ள கெடக்கு. எடுத்துக் குடுத்திரலாம்னு பாத்தேன், வர மாட்டேங்கு."

வரவில்லை என்பது உண்மைதான். துண்டின் முனைகள் காற்றுக்கு ஆடின, விரலால் தொட்டால் நூல்துணிதான், ஆனால் இழுத்தால் சீட்டோடு பிறந்ததுபோல இருந்தது. தாவீது இழுத்தார், வாட்டசாட்டமான இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள், கடைசியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதில் கடப்பாரை வளைந்தது. சரி, துண்டு பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று அதன்மேலேயே உட்காரப் போனவர்களுக்கு முழங்கால் மடங்கவில்லை. மாமனார் முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னால் புது மாப்பிள்ளைக்கு எப்படி மடங்காதோ, அப்படி. பின்னால் தள்ளி நின்றால் கால் சரியாகிவிடும்.

"அது எனக்குப் போட்ட எடம்," என்று வடிவு முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"துண்டு யாருது?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் சங்கிலிபூதம்.

"அவுகளுது."

"அப்ப எடமும் அவனுது. இதுல என்ன சந்தேகம்?"

"வடிவு எடுத்துப் பாக்கட்டுமே," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பேராச்சி குறுக்கே கையை நீட்டிவிட்டாள். "அவ எதுக்கு எடுக்கணும்? எம்மவன் போட்டத எம்மவனே வந்து எடுப்பான். துண்டு இருக்க வரைக்கும் அவன் உசுரோட இருக்காம்லா!" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பஸ் முதலாளிக்குத்தான் நியாயமாகப் படவில்லை. டவுன் ஷெட்டில் மெக்கானிக்கை விட்டு அந்தச் சீட்டையே கழற்றச் சொன்னார். சீட்டு நல்லபடியாகக் கழன்று வந்தது. துண்டு மட்டும் அதே உயரத்தில், அதே மடிப்போடு, அந்தரத்தில் நின்றது. சீட்டு இல்லாமல் பார்க்க இன்னும் மோசமாக இருக்கிறது என்று முதலாளியே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டார். பிறகு எப்.சி. என்கிற வருசாந்திரத் தகுதிச் சோதனைக்காக அந்த வண்டி ஷெட்டில் கிடக்க, மாற்று வண்டி ஒன்று வந்தது. பெயின்ட் வாசம் மாறாத அந்த வண்டியில் மூன்றாவது ஜன்னலோரம் பச்சைக்கரைத் துண்டு முன்கூட்டியே வந்து கிடந்தது. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, கொம்பையா இடம் போட்டது பஸ்ஸில் இல்லை, ஏழு மணி ட்ரிப்பில்.

புரிந்த பிறகு ஊர் அதை ரொம்ப யோசிக்கவில்லை. பஸ்ஸில் ஒரு இடம் போனது போனதுதான் என்று எடுத்துக்கொண்டது. தாவீது ஊரை விட்டுக் கிளம்புமுன் எல்லோருக்குமாக இரண்டு ஹாரன் அடித்துவிட்டு, கொம்பையாவுக்கென்று நீளமாக ஒன்று அடிக்கப் பழகிக்கொண்டார். டிக்கெட் செக்கர் ஏறினால் குற்றாலலிங்கம், "அது கொம்பையா எடம் சார்," என்பார், அவரும் துண்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் துண்டைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தன, யாரோ ஒருத்தி குங்குமம் வைத்தாள், இன்னொருத்தி எலுமிச்சை விளக்கேற்றக் கொண்டுவந்தபோது குற்றாலலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயி, டீசல் வண்டி. கோயிலாக்கிராதிய," என்று தடுத்துவிட்டார். பக்கத்து ஊர் வாலிபன் ஒருத்தன் பந்தயம் கட்டி ஓடிவந்து குதித்து உட்காரப் பார்த்து, கால் மடங்காமல் கூரைக் கம்பியில் தொங்கிக்கொண்டே டவுன் வரை போனதை ஊர் வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னலுக்கு மேலே 'பெண்கள்' என்று பெயின்டில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆம்பிளை இடத்துக்கு மேலே இது என்ன அசிங்கம் என்று சங்கிலிபூதம்தான் முதலாளியிடம் சொல்லி அதை அழிக்க வைத்தார். அந்நிய ஆம்பிளை துண்டுக்குப் பக்கத்தில் பொம்பிளை உட்காரக் கூடாதென்று பக்கத்து இடமும் ஆண்களுக்குப் போனது. ஆகமொத்தம் ஒரு வரிசை போயிற்று, பெண்கள் நின்றுகொண்டு போனார்கள்.

பேராச்சி தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, எட்டித் துண்டைத் தடவுவாள். "சாப்ட்டியாய்யா? நேத்து பூரா இருமல் சத்தமா கேட்டுதே, கசாயம் குடிச்சியா? ஒடம்பப் பாத்துக்க எஞ்சாமி. ஒனக்கு நான் இருக்கேன்." பஸ் போனதும் திரும்பி, "ஏளா வடிவு, என்ன நெட்டமா நிக்க? தண்ணி எடுக்க ஆளு வைக்கணுமோ?" என்பாள். ஒரே வாய்தான்.

வடிவு பீடி சுற்றினாள். இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, கட்டி, வாரம் ஒரு நாள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பீடிக்கடைக்குப் போனாள், அதே ஏழு மணி வண்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி. குமட்டல் வரும். ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள், டவுன் ஸ்டாண்டில் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போய், வண்டியில் யாரும் இல்லாத நேரத்தில், அவள் துண்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். அது வந்தது. கொடியில் காயும் எந்தத் துண்டையும்போல லேசாக, மடிப்புக் கலைந்து, அவள் கையோடு வந்தது.  எடுத்த துண்டை எடுத்த மாதிரியே போட்டு, மடிப்பை நீவிவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போனால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். புருசன் உயிரோடு இருப்பதற்கு ஊர் வைத்திருந்த ஒரே அத்தாட்சியைப் பெண்டாட்டியே பிடுங்கிப் போட்டுவிட்டாள் என்பார்கள், அன்றைக்கே பூவையும் பொட்டையும் எடுக்கச் சொல்வார்கள். அதோடு அவளுக்கும் அந்த நாளில் அவன்மேல் ஆசை இருந்தது. வந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

அவள் அண்ணன் வெள்ளப்பாண்டி ஒரு தடவை வந்தான். அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை ஒன்று இருக்கிறது, தங்கச்சியைக் கூட்டிப்போகிறேன் என்றான். வீட்டு முன்னால் ஊர் கூடிவிட்டது. "தாராளமா கூட்டிட்டுப் போ, துண்டு கெளம்புற அன்னைக்கு," என்றார் சங்கிலிபூதம். பேராச்சி அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "பஸ்ஸுக்காரனே எம்மவனுக்கு எடம் வச்சிருக்கான். கட்டுனவ வைக்க மாட்டாளா?"

 வடிவுக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் தைரியம் வரவில்லை. வெள்ளப்பாண்டி கொண்டுவந்த சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில், துண்டுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஊருக்குப் போனான்.

வருசங்கள் போயின. தாவீது ஓய்வெடுத்து அவர் மகன் வண்டி ஓட்டினான், அவனும் அந்த நீள ஹாரனை அடித்தான். ஊருக்கு மின்சாரம் வந்தது, மினி பஸ் வந்தது. வடிவுக்குக் காதோரம் நரைத்தது, முழங்கால் வலி வந்தது. ஆசை கோபமாகி, கோபமும் ஆறி, அவன் முகம் மூக்குவரைக்கும்தான் ஞாபகம் இருந்தது. துண்டு மட்டும் வெளுக்கவில்லை.

ஒரு ஆவணி மாதம் சாயங்காலம் கொம்பையா மினி பஸ்ஸில் வந்து இறங்கினான். தலையில் மை, காலில் தோல் செருப்பு, பேச்சில் பம்பாய். பம்பாயை ஒட்டிய கல்யாண் என்ற ஊரில் இட்லிக்கடை வைத்திருந்தானாம், அங்கே ஒருத்தி இருந்தாளாம், அவள் கடையை வைத்துக்கொண்டு இவனை வெளியே அனுப்பிவிட்டாளாம். இதையெல்லாம் அவனே ஒளிக்காமல் சொன்னான். ஊருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஊர் துண்டைப் பற்றித்தான் பேசியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பெருமை வந்தது. வடிவு சோறு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, "ஒரு வார்த்த பேச மாட்டியா?" என்று கேட்டான்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

மறுநாள் காலை மேளத்தோடு அவனைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். சங்கிலிபூதம் மாலை போட்டார். கண் மங்கிப்போன பேராச்சியை நாற்காலியில் தூக்கிவந்து ஜன்னலுக்கு நேராக வைத்தார்கள். அது வடிவு பீடி கொண்டுபோகும் நாள். அவளும் தட்டோடு கூட்டத்தின் பின்னால் நின்றாள். கொம்பையா படியேறிப் போய், எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு, துண்டைப் பிடித்து இழுத்தான்.

துண்டு வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தான். மாலை அறுந்தது. உட்காரப் பார்த்தான், முழங்கால் மடங்கவில்லை. மேளக்காரர் தாளத்தை எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நிறுத்தினார்.

ஊர் அன்றைக்கு ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "இவன் கொம்பையா இல்ல," என்றார் சங்கிலிபூதம். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. இத்தனை வருசம் பொய் சொல்லாத துண்டு இன்றைக்கா பொய் சொல்லும்? நேற்று வந்தவன்தான் புளுகன், வீட்டை அமுக்க வந்திருக்கிறான், போலீசில் சொல்லலாம் என்று ஒருத்தர், கட்டி வைக்கலாம் என்று ஒருத்தர். பேராச்சி அவனை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டச்சொல்லி, காதைத் தடவி, பின்மண்டைத் தழும்பைத் தடவி, "எம்மவன் மாதிரிதான் இருக்கு," என்றாள். "ஆனா துண்டு இல்லங்கே."

"நாந்தாம்மா," என்றான் கொம்பையா. அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தாற்போலக் குரல் இறங்கியது. கூட்டத்தில் தேடி வடிவைப் பார்த்தான். "ஏட்டி, நீ சொல்லு. நாந்தான?"

எல்லோரும் திரும்பினார்கள். அவளிடம் ஊர் ஒரு விஷயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்றால் ஊர் இத்தனை காலம் ஏமாந்தது என்று ஆகும், அவளுக்கு ஒரு புருசன் கிடைப்பான், மறுபடி ரசம் ஊற்ற வேண்டும். இல்லை என்றால் அவனை அடித்து விரட்டுவார்கள், அவள் சாகிறவரைக்கும் துண்டுக்குப் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்ததில் வடிவுக்கு அலுப்பாக இருந்தது, முழங்காலும் வலித்தது.

"அவுகதான்," என்றாள்.

சொல்லிவிட்டுத் தட்டோடு படியேறினாள். வழிவிட்டார்கள். மூன்றாவது ஜன்னலுக்கு வந்து, பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தானாக எழுந்து விலகிக்கொள்ள, குனிந்து துண்டை ஒரு கையால் எடுத்தாள், உதறினாள், நாலாக மடித்தாள்.

"இந்தாங்க ஒங்க துண்டு," என்றாள். "எடம் என்னுது."

உட்கார்ந்தாள். முழங்கால் சுகமாக மடங்கியது.

 பேராச்சிக்குப் பக்கத்தில் நின்றவள் நடந்ததைக் காதில் சொன்னாள். பேராச்சி கையை நீட்டி ஜன்னலைத் தடவினாள். "அப்ப இத்தன வருசமா நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்?"

வடிவு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாப்ட்டியா, கசாயம் குடிச்சியா, ஒனக்கு நான் இருக்கேன் என்று அந்தக் கிழவி கொட்டியதெல்லாம் அவள் இடத்தில்தான் கொட்டியிருக்கிறது. அவளிடம் வந்து சேரத்தான் இல்லை. 

"எங்கிட்டத்தான் அத்த," என்றாள். "ஒடம்பப் பாத்துக்கோங்க."

தாவீது மகன் ஹாரன் அடித்தான். இரண்டோடு நிறுத்திக்கொண்டான். வண்டி கிளம்பி, புளியமரத்தைத் தாண்டி, குளத்தங்கரை வளைவில் திரும்பியது. குற்றாலலிங்கத்துக்கும் வயதாகிவிட்டது, சீட்டுச் சீட்டாகப் பிடித்து நடந்துவந்து, "பீடிக்கடைதான மதினி?" என்று கேட்டார்.

"இல்ல. கடேசி ஸ்டாப்பு வரைக்கும் குடுங்க. அங்கேருந்து அண்ணன் ஊருக்கு வேற வண்டி ஏறணும்."

டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. குமட்டவில்லை.

கொம்பையா இறங்காமல் உள்ளேயே நின்றிருந்தான். தோளில் பச்சைக்கரைத் துண்டு, கையில் மேல்கம்பி. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் தடுமாறினான். கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் தள்ளி உக்காரேன், வடிவு," என்றான்.

வடிவு பீடித்தட்டை மடியிலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"ஆள் வருது," என்றாள்.